எல்லாரும் சொன்ன ஆமென்

தெபோராள் அப்பாவுக்கு,

சோறு மூடி வைத்திருக்கிறேன். கருவாட்டுக் குழம்பைச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளையோடு ரெங்கம் ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாயங்கால ரயிலில் வந்துவிடுவேன்.

நேற்று நம் வீட்டு ஜெபத்தில், தோட்டத்து லயத்து ஜனமெல்லாம் முழங்காலில் இருக்கும்போது, "ஆண்டவரே, என் பெண்சாதியோட முன்கோபத்தை எடுத்துப்போடும்" என்று சத்தமாய்க் கேட்டீர்களே! எல்லாரும் ஆமென் என்றார்கள். பக்கத்து வீட்டு ரோசம்மாள் இரண்டு தரம் சொன்னாள். அதை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?

ஞானப்பூ

உபதேசியார் வந்தால் காப்பி கொடுங்கள். சீனி மேல்தட்டில் இருக்கிறது.

உங்கள் வீம்பை எடுத்துப்போடும்படி நானும் காலையில் ஜெபம் பண்ணினேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் பண்ணினேன்.