வாங்குகிறவன் முகம்

ஜூலை 6, திங்கள்

என் இரும்புக்கடையில் பூட்டு வியாபாரம் அமோகம். ஊரில் நம்பிக்கை குறையக் குறையப் பூட்டு விற்கும். நடைபாதையில் சாக்கு விரித்து ஆணி விற்ற நாளிலிருந்து பார்த்துவிட்டேன்.

ஆனால் வியாபாரம் நன்றாக இருந்தும் மனசு சரியில்லை. எதிர்க்கடை துணிக்கடை, என் மனைவியின் தம்பியுடையது. போன மழையில் தெருச் சாக்கடை பொங்கி அவன் கடைக்குள் புகுந்து, அடுக்கிய துணியெல்லாம் சேறு. அன்றிலிருந்து மச்சான் என்னோடு பேசுவதில்லை. நான் நீலக் கட்சி, அவன் மஞ்சள் கட்சி. சாக்கடையைப் புதிதாகக் கட்டும் தீர்மானத்தை நகர மன்றத்தில் தோற்கடித்தது நீலம்தான் என்கிறான். மஞ்சள்தான் என்று எங்கள் வட்டத்து நீலக் கட்சி உறுப்பினர் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். அவருக்குத் தெருவில் பெயர் ‘மைக்’. மைக் இல்லாவிட்டால் அவருக்கு மூச்சே வராது.

யாரோ பொய் சொல்கிறார்கள். இன்னொரு மழை தாங்க மாட்டான் மச்சான். கடையை மூடிவிடுவான்.

ஜூலை 8, புதன்

கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மன்றக் கூட்டத்துக்குப் போனேன். என் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று.

மாடியில் பார்வையாளர் வரிசையில் இடது பக்கம் நீலம், வலது பக்கம் மஞ்சள். கீழே ஒருவர் பேசினால் மேலே ஒரு பக்கம் கைதட்டும், மறு பக்கம் ஊளையிடும். பேசுகிறவர் மன்றத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை. அண்ணாந்து எங்களைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

சாக்கடைத் தீர்மானம் மறுபடி வந்தது. வேண்டும் என்பவர்கள் கத்தினார்கள், வேண்டாம் என்பவர்களும் கத்தினார்கள். தலைவர் காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, “தோற்றது” என்றார். அவ்வளவுதான்! எந்த வாய் எதைக் கத்தியது என்று கடவுளுக்கே தெரியாது.

வெளியே வந்து மன்ற எழுத்தரைப் பிடித்தேன். “கைதூக்கி ஓட்டுப் போடக் கூடாதா சார்?”

“போடலாமே. ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டாப் போதும், தலைவரால மறுக்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து யாரும் கேட்டதில்ல.”

“ஏன்?”

“கைய தூக்கினா யார் கைன்னு தெரிஞ்சிடுமில்ல?”

ஜூலை 9, வியாழன்

மனைவி: “உங்க கட்சியும் என் தம்பி கட்சியும் கட்டிப் புரண்டுக்கிட்டே கிடங்க. தண்ணி மட்டும் கொடி பார்க்காம உள்ள வரும்.”

 

ஜூலை 14, செவ்வாய்

குழாய் கம்பெனி விற்பனையாளர் வந்தார். புதுக் குழாயைப் பற்றி அருவி மாதிரிக் கொட்டினார். நான் வழக்கம் போல் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, கொட்டாவியும் விட்டேன். மனுஷன் தடுமாறி, பேச்சை நிறுத்தி, குழாயைக் கையில் கொடுத்து, “நீங்களே வளைச்சுப் பாருங்க” என்றார். வாங்குகிறவன் முகத்தில் ஆசை தெரிந்தால் பேச்சுதான் கிடைக்கும். தெரியாவிட்டால் பொருள் வெளியே வரும். இது இந்தத் தெருவில் எல்லாருக்கும் கைவந்த வித்தை.

அப்போதுதான் உறைத்தது — மன்றத்தில் ஏன் நாங்கள் இப்படி வாயைப் பிளந்துகொண்டு கைதட்டுகிறோம்?

ஜூலை 17, வெள்ளி

வீம்பை ஓரமாக வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன். மச்சான் அளவுகோலைக் கீழே வைக்கவில்லை.

“என்ன மாமா, துணி வேணுமா? சேறு வாசனையோட இருக்கு, உங்க கட்சி உபயம்.”

“இருக்கட்டும். உன் கடையில வாங்கின வேட்டி கிழிஞ்சா நான் யார்கிட்ட வருவேன்? பக்கத்துக் கடைக்கா?”

“என்கிட்டத்தான்.”

“அப்ப நீ ஏன் என் கட்சியத் திட்டற? நீ ஓட்டுப் போட்ட கட்சி ஆளைப் போய்க் கேளு. நான் என் ஆளைக் கேக்கறேன்.”

அளவுகோலைக் கீழே வைத்தான். தேநீர் சொல்லியனுப்பினான். சர்க்கரை கூடுதல். குடித்தேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

தெரு முழுக்கப் பேசிவிட்டோம். மருந்துக்கடை அம்மா முதல் ஆளாகச் சரி என்றார். அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் போவது, நீலமும் மஞ்சளும் கலந்து உட்காருவது, யார் பேசினாலும் முகம் கல். கைதட்டினால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, புதன்

சே! நன்றாகத்தான் ஆரம்பித்தது. மைக் பேசி நிறுத்தி, கைதட்டலுக்காக அண்ணாந்து பார்த்தார். ஒரு சத்தமில்லை. தண்ணீர் குடித்தார். பாவமாகக்கூட இருந்தது.

அப்புறம் மஞ்சள் உறுப்பினர் ஒருவர் எழுந்து நீலத்தைக் கிழிகிழியென்று கிழித்தார். கைதட்டல் கேட்டது. யார்? என் மச்சான்! என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு! அவ்வளவுதான், மொத்த வரிசையும் பழையபடி இரண்டாகப் பிளந்து கூச்சல். தீர்மானம் மறுபடி அந்தக் கூச்சலிலேயே செத்தது.

படியிறங்கும்போது கத்தினேன். “உன்னால ஒரு மணி நேரம் கைய அடக்க முடியாதா?”

“தன்னால வந்திடுச்சு மாமா… இருபது வருஷப் பழக்கம்.”

ஆகஸ்ட் 13, வியாழன்

கோபம் போகவில்லை. ஆனால் ஒன்று. நேற்று அவன் தட்டியபோது, ஊளையிட என் வாயும் பாதி திறந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, சனி

மைக் கடைக்கு வந்தார். அவர் மன்றத்தில் கை தூக்கும் வரை என் கடை வாசலில் கொடி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணே, நீங்களே இப்படிச் செஞ்சா எதிரிக்குக் கொண்டாட்டமில்லையா?”

“பொருள்ல குறை இருந்தா வாங்கின இடத்துலதானே சொல்லணும்? எதிரிகிட்ட நான் எதுவும் வாங்கலியே.”

முகம் சுண்டிப் போனார். சாயந்தரம் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் என்னைத் துரோகி என்றார்கள். ஒருவர் அதைச் சொல்லிவிட்டு இரண்டு பூட்டு வாங்கிக்கொண்டு போனார். எதிரில் மச்சானும் தன் கொடியை இறக்கிவிட்டான்.

செப்டம்பர் 6, ஞாயிறு

கையை என்ன செய்வது என்பதற்கு மச்சானே வழி கண்டுபிடித்தான். கெட்டிக்காரன். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், இங்கே எழுதலாம்.

செப்டம்பர் 9, புதன்

மச்சான் சேற்றில் நனைந்த அந்தத் துணிக்கட்டில் ஒன்றை மன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரித்து, முன்வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லார் மடியிலும் விரித்தான். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டோம். எந்தக் கையும் தட்ட முடியாது. தண்ணீர் ஏறிய கறை துணியின் நீளத்துக்கு ஒரே கோடாக ஓடியது.

தலைவர் அண்ணாந்து பார்த்தார். “பதாகைக்கு அனுமதி இல்லை.”

மருந்துக்கடை அம்மா, “இதுல எழுத்தே இல்லைங்களே ஐயா” என்றார்.

அன்றைக்கு யாருடைய பேச்சும் நீளவில்லை. எங்களைப் பார்ப்பார்கள், கறையைப் பார்ப்பார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். சாக்கடை வந்தது. தலைவர் குரல் கேட்க வாயெடுத்தபோது, மஞ்சள் கட்சியின் புது உறுப்பினர் — ஒரு பள்ளி ஆசிரியை, மச்சான் மூன்று முறை போய்ப் பார்த்தவர் — எழுந்து, “கை தூக்கச் சொல்லுங்கள்” என்றார்.

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. மஞ்சளில் எல்லாரும் இல்லை. நீலத்தில் சிலர். மச்சானின் கட்சித் தலைவரே தூக்கவில்லை. மச்சான் முகம் போன போக்கு! மைக் என்னைப் பார்த்தார். நான் குழாய் வியாபாரியைப் பார்ப்பது போல் அவரைப் பார்த்தேன்.

கடைசிக் கை அவருடையது. அதுதான் தீர்மானத்தை நிறைவேற்றியது.

யாரும் கைதட்டவில்லை. மச்சான் மட்டும் துணிக்கு அடியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

செப்டம்பர் 21, திங்கள்

தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கடைக்கு வர வாடிக்கையாளர்கள் பலகை மேல் கூத்தாடி நடக்கிறார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

அக்டோபர் 14, புதன்

இனி எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கித்தான் ஓட்டு என்று மன்றம் முடிவு செய்தது. அதையும் கை தூக்கியே முடிவு செய்தார்கள்.

நவம்பர் 2, திங்கள்

விடிய விடியக் கொட்டியது. காலையில் துணிக்கடைப் படி காய்ந்து கிடந்தது. மனைவி போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் 5, சனி

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். என் வாசலில் நீலம் ஏறிவிட்டது, எதிரில் மஞ்சள். காலையிலேயே மச்சானோடு அரை மணி நேரம் வாய்ச் சண்டை. மனைவி இருவருக்கும் சேர்த்துத் தேநீர் வைத்தாள்.

பத்து மணிக்கு மைக் ஓட்டுக் கேட்டு வந்தார். கும்பிட்டார். எதிர்க்கட்சியைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் எதுவும் கேட்காமலே, எந்த மாதம் எதற்குக் கை தூக்கினார், எதற்குத் தூக்கவில்லை, ஏன் என்று சொல்ல ஆரம்பித்தார். விளக்குக் கம்பத்துக்குத் தூக்கவில்லையாம். ஒரு காரணம் சொன்னார். சுமாரான காரணம்.

நான் முகத்தைக் கல்லாகவே வைத்திருந்தேன்.

அவர் போனதும் மச்சான் ஓடி வந்தான். “என்ன மாமா, சரக்கு எப்படி?”

“முன்னைக்கு இப்ப தேவலை,” என்றேன். “இன்னும் விலை படியல.”