தகரம் தட்டினால் வெளியே வராதே

அன்புத் தோழிக்கு,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் குரங்கு விரட்ட யாரோ தகர டின்னைத் தட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அடுத்த நிமிஷம் பார்த்தால் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி ஆளுகிறவள் குரங்கு விரட்டும் சத்தத்துக்குக் கதவடைத்துக்கொண்டாள் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். நீ சிரித்திருக்க மாட்டாய். "பாடம் மறக்கலியே ஏட்டி" என்றிருப்பாய்.

நீ காய்ச்சலில் கண்மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதி என்ன பிரயோஜனம் என்று இத்தனை நாள் எழுதவில்லை. அந்தத் தகரச் சத்தம் எழுத வைத்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர் வேலைக்குப் பெண்களைப் பழக்கிய நம் போதனாமுறைப் பள்ளி நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது கேலிக்கூத்து. அறுபது பெண்கள், ஒரு போர்டிங், ஒரு கிணறு, வேப்பமரத்தில் தொங்கிய ஒரு வெண்கல மணி. நீ சுகாதாரப் பாடம் நடத்தினாய். நான் டிரில் டீச்சர், மணியும் என் பொறுப்பு. அந்த மணிக்கு நான் கொடுத்து வைத்திருந்த மரியாதை அப்படி. மணி அடித்தால் படிக்கிறவள் புத்தகத்தை மூட வேண்டும், தலை பின்னுகிறவள் பாதிச் சடையோடு வர வேண்டும். குட்டையானவள் முன்னே, நெட்டையானவள் பின்னே, வாய் பேசாமல் மைதானத்தில் வரிசை. "பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறியா?" என்று நீ கேலி செய்வாய். அப்போது யுத்த காலம் வேறு. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு காலைநேரத்தில் உடைந்தது. வெறிநாய் ஒன்று வாயில் நுரை ஒழுக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நம் கேட்டுக்குள் நுழைந்தது. பெண்கள் எல்லோரும் அறைகளுக்குள் பத்திரமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். ஆபத்து என்றதும் என் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஓடிப்போய் மணியை அடித்தேன்.

அறுபது பேரும் வந்தார்கள். வாய் பேசாமல் வந்தார்கள். நாயைப் பார்த்த பிறகும் வரிசை கலையவில்லை, நான் பழக்கியிருந்தது அப்படி. முதலில் நின்றவள் எஸ்தர், எல்லோரிலும் குட்டை. அவள் கெண்டைக்காலை அது கவ்வியபோதுதான் எனக்கு "உள்ளே ஓடுங்க!" என்று கத்த வாய் வந்தது. தோட்டக்கார மாடசாமி மண்வெட்டியோடு வந்து நாயை அடித்துக் கொன்றார். நீ எஸ்தரைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினாய், கழுவினாய், அவள் அழுது ஓய்ந்த பிறகும் கழுவினாய். மத்தியான ரயிலில் அவளும், ஆள் விட்டதும் ஓடிவந்த அவள் அம்மாவும் மதுரைக்குப் போனார்கள், வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள.

அன்று சாயங்காலம் தலைமையாசிரியை, நம் பெரிய டீச்சர், எல்லோரையும் கூட்டினார். "நாய் செத்துவிட்டது. கர்த்தர் காத்தார். இதோடு இந்தப் பேச்சு முடிந்தது, வீட்டுக்கு யாரும் கடிதாசியில் எழுத வேண்டாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நீ மட்டும் எழுந்தாய்.

"சாகுறதுக்கு முன்னால அது எம்புட்டு நாயைக் கடிச்சுதுன்னு யாருக்காவது தெரியுமாம்மா?"

யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் நீயே வெயிலில் தெருத்தெருவாகப் போய்க் கேட்டாய். தறிக்காரர் தெருவில் இரண்டு, சந்தைப்பக்கம் ஒன்று என்று திரும்பி வந்து சொன்னாய். கடிபட்ட நாய்க்கு வெறி பிடிக்க வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். அதுவரை மற்ற நாய் மாதிரியே வாலாட்டிக்கொண்டு திரியும்.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "நான் சொன்னா நாளைக்கே மாட்டுவண்டி வரிசையா வந்து நிக்கும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிருவாவ. போற பிள்ளை நேரா கல்யாணப் பந்தலுக்குத்தான் போகும். திரும்பி வருமா? நீங்க சொல்லுங்க." அதில் பொய்யே இல்லை. அப்படிப் போனவர்களை நாமே பார்த்திருக்கிறோம்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்மா," என்றாய் நீ. "எஸ்தர் ஆத்தா ரயில்லயே பாதிப் பேருக்குச் சொல்லிருப்பாவ. நாம சொல்லலைன்னா ஊரு மூணு நாயை நூறு நாயாக்கிச் சொல்லும். நம்ம பிள்ளைகளுக்கு நாமளே சொல்லுவோம்."

இரண்டு நாள் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாய். கேட்டுக்கு உள்ளே ஒரு கரும்பலகையை நிறுத்தினாய். தினமும் காலையில் அதில் மூன்றே வரிகள். நமக்குத் தெரிந்தது. நமக்குத் தெரியாதது. இன்று செய்ய வேண்டியது. "தறிக்காரர் தெரு நாய் ஒன்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே என்று தெரியாது. தண்ணீருக்கு இரண்டு பேராகப் போகவும், கையில் கம்பு வேண்டும்." தெரியாததை எழுதுவது பள்ளிக்கூடத்துக்கு அவமானம் என்றார் பெரிய டீச்சர். அந்த வரியை மட்டும் நீ ஒருநாளும் விடவில்லை.

வண்டியும் வரத்தான் செய்தது. தளவாய்புரத்துக்காரர் ஒருவர் மகளை அழைத்துப் போக வந்து, பலகையில் இருப்பதை அவளையே வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாய் எங்க ஊர்லயுந்தான் கிடக்கு. அங்க இப்படிச் சொல்ல ஆளில்ல. நீ இங்கயே இரு தாயீ" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பெரிய டீச்சர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் அந்த நாட்களில் மணியைத் தொடவில்லை. எஸ்தருக்கு ஊசி பலிக்குமா பலிக்காதா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதி உன்னிடம்தான் முதலில் காட்டினேன். நீ அதை வாசித்துவிட்டு நாலாக மடித்து உன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாய். ஒரு மண்ணெண்ணெய் டின்னையும் புளியங்கட்டையையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாய்.

"மணின்னா வான்னு அர்த்தம். வாராதன்னு சொல்ல நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல, அதான் தப்பு. நீ அடிச்ச மணிக்கு அறுபது பேரும் வந்தாளுவல்ல? அந்தக் கைதான் வேணும். தட்டு."

முதல் நாள் தட்டினேன். என்ன சத்தம் என்று கேட்க எல்லோரும் வெளியே வந்து, ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்! நீ மைதானத்திலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வரப் பழக்கியவள் நான், வராமலிருக்கவும் நான்தான் பழக்க வேண்டியிருந்தது. தினமும் எதிர்பாராத நேரத்தில் தட்டினேன். தகரம் கேட்டால் இருக்கிற இடத்தில் கதவடைக்க வேண்டும், சத்தம் நின்றாலும் திறக்கக் கூடாது. நீ ஒவ்வொரு கதவாக வந்து ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தாழை எடுக்கலாம். அதுதான் நீ போட்ட விதி. "சத்தம் நின்னுட்டா ஆபத்து போயிருச்சுன்னு அர்த்தமில்ல" என்பாய்.

எஸ்தர் திரும்பி வந்தாள், கொஞ்சம் மெலிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வந்த அன்றே அவளுக்கும் தகரப் பயிற்சி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் முதல் ஆளா வந்தேன்ல?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாவது நாய் வந்தது உச்சிவெயிலில். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, நீ பலகை எழுதுவதைப் பார்த்துச் சில டீச்சர்மாரே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். சாமான் அறை ஜன்னல் வழியே அதைப் பார்த்தேன். அதே நுரை, அதே தொங்கிய தலை. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலருகே நின்று தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. துணி காய்ந்த கொடி மட்டும் ஆடியது. நாய் வேப்பமரம்வரை வந்தது, மணிக்குக் கீழே நின்றது, கடிக்க யாரும் இல்லாமல் கேட்டு வழியே வெளியே போனது. தெருக்கோடியில் தறிக்காரர்கள் கம்போடு காத்திருந்தார்கள். தகரம் கேட்டதுமே மாடசாமி பின்பக்கமாக ஆள் அனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் உன் குரல். அந்தோனியம்மா. இருக்கேன் டீச்சர். ரெபேக்கா. இருக்கேன் டீச்சர். ஒவ்வொரு கதவாக நீ வர வர நான் விரலை மடித்து எண்ணிக்கொண்டே இருந்தேன். எஸ்தர். "இருக்கேன் டீச்சர்!" அந்தக் குரலைக் கேட்டதும் டின்னைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். கடைசியாக நீ சாமான் அறைக் கதவைத் தட்டினாய். "ஏட்டி ஞானம். இருக்கியா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருக்கிறேன் என்றேன். மறுநாள் காலை பலகைக்குப் பக்கத்தில் சாக்கட்டியோடு நின்றது பெரிய டீச்சர். "தெரியாதது என்னன்னு சொல்லுங்க, நானே எழுதுதேன்" என்றார்.

இன்று காலை குரங்குகள் போய்விட்டன, தகரமும் நின்றது. எனக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் நான் டீச்சர், பெரிய டீச்சர். மில் சங்கு ஊதியது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. "ஏட்டி ஞானம், இருக்கியா?" என்று நானே உரக்கக் கேட்டேன். "இருக்கேன்" என்றேன். தாழை எடுத்தேன்.

பள்ளிக்கூடம் போனதும் தகரத்தைத் தட்டச் சொன்னேன். உன் விதிப்படி நான் பழக்கிய இருநூறு பிள்ளைகள், ஒரு கதவு திறக்கவில்லை. கடைசிக் கதவுவரை நடந்து, ஒரு பெயர் விடாமல் கூப்பிட்டுவிட்டுத்தான் வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்,
ஞானம்