ஒட்டுச்சோறு

14 ஜனவரி 1996, ஞாயிறு

சைனாடவுன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இன்று ஏழு பேர். உட்காரும் வரிசையை ரெமிதான் போட்டான்: ஒரு தங்கச்சி, ஒரு வெள்ளைக்காரன், ஒரு தங்கச்சி, ஒரு வெள்ளைக்காரன். தங்கச்சி என்றால் ஆண்களைத் தேடும் எங்களைப் போன்ற ஆசியக்காரன். ரெமி மணிலாக்காரன். மீசை வைத்துக்கொண்டு சிட்னி முழுக்க பஸ் ஓட்டுகிறான், ஆனால் எங்கள் கூட்டத்துக்கு அவன்தான் பெரியக்கா. என் வெள்ளைக்காரன் கார்ல் என்னை விட்டுவிட்டு, பாங்காக்கிலிருந்து புதிதாக வந்தவனோடு போனதிலிருந்து என் பக்கத்து நாற்காலியில் என் பைதான் உட்காருகிறது.

இன்று ஒரு புது ஆளைக் கூட்டிப்போனேன். லுவான். வியட்நாம்காரன், முப்பத்திரண்டு வயது, மீன் சந்தையில் கடை. டிசம்பரில் வளைந்த மூக்குக்கண்ணாடியோடு என் கண்ணாடிக் கடைக்கு வந்தான். அதிலிருந்து வாரம் தவறாமல் வருகிறான், வாரம் தவறாமல் வளைந்திருக்கிறது. தனி ஆள். அவனைக் கிரஹாமுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கிரஹாம் வக்கீல், ஐம்பத்திரண்டு வயது, தங்கமான மனுஷர், வீட்டில் பதினொரு புத்தர் சிலை.

லுவானுக்கு ரெமி பாடம் எடுத்தான்.

“இத பாருடீ. வெள்ளைக்காரன் மேலயே போய் விழுறவ உருளைக்கிழங்கு ராணி. அதோ கியட் இருக்காளே,” என்று என்னைக் காட்டினான், “மூட்டை மூட்டையாத் தின்னவ. நம்மள மட்டும் தேடுற வெள்ளைக்காரன் அரிசி ராணி. அதோ கிரஹாம்.” கிரஹாம் எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். “இந்தியாக்காரன் பின்னாடி போனா குழம்பு ராணி.”

“நம்மாளுக்கு நம்மாளையே பிடிச்சுதுன்னா?” என்றான் லுவான்.

இறால் கொழுக்கட்டையை எடுத்தவர்கள் வாய்க்குக் கொண்டுபோகாமல் ரெமியைப் பார்த்தார்கள்.

“அரிசியோட அரிசி ஒட்டிக்கிட்டா அதுக்குப் பேரு ஒட்டுச்சோறு. நம்ம மேசைல அது கிடையாது. சொந்தத் தங்கச்சிகூட யாராச்சும் படுப்பாளாடீ? சீ!”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

17 ஜனவரி

கிரஹாம் போன் செய்தார். லுவானின் நம்பர் வேண்டுமாம். கொடுத்தேன். ஜோடி சேர்த்து வைப்பதில் எனக்குக் கைராசி உண்டு.

25 ஜனவரி

மத்தியானம் லுவான் வந்தான், மறுபடி வளைந்த கண்ணாடியோடு. கிரஹாம் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தானாம்.

“பட்டு அங்கி ஒண்ணக் கொடுத்துப் போட்டுக்கச் சொன்னாரு. ஜப்பான்காரங்க போடுறது. ஐயா, நான் கப்ரமட்டாக்காரன், மீன் வெட்டுறவன்னேன். ஆஹா, என்ன அழகுன்னாரு.”

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவன் போன பிறகும் கடையில் மீன் வாடை. ஜன்னலைத் திறக்கவில்லை. மழை பெய்ததால் என்று எழுதப் பார்த்தேன். மழை இல்லை.

1 பிப்ரவரி

லுவான் இந்த வாரம் வரவில்லை. வேறு விசேஷம் இல்லை.

4 பிப்ரவரி, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். கிரஹாம் அவன் தட்டில் கொழுக்கட்டையாக அடுக்கினார். நான் தனியாக இரண்டு தட்டு கோழிக்கால் தின்றேன்.

“என்னடீ மூஞ்சி இப்படி? இன்னும் கார்லயே நினைச்சிட்டிருக்கியா?” என்றான் ரெமி.

ஆமாம் என்றேன். உண்மையில் கார்லின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரவே கொஞ்ச நேரம் பிடித்தது.

9 பிப்ரவரி, வெள்ளி

லுவான் வந்தான். கண்ணாடி இன்று நேராக இருந்தது.

“கிரஹாம் பாலிக்குக் கூப்பிடுறாரு. பதினேழாம் தேதி கிளம்பினா பத்து நாள். வந்ததும் அவர் வீட்டுக்கே குடிவரச் சொல்றாரு. போகவா?”

“போடீ! இதெல்லாமா கேட்டுட்டு நிப்பாங்க?”

நின்று என்னையே பார்த்தான்.

“பத்தொம்பதாந்தேதி என்ன நாள்?”

“திங்கக்கிழமை.”

“நம்ம புது வருஷம். அப்பா போனப்புறம் அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான். அன்னிக்கு அம்மாவ விட்டுட்டு வான்னு கிரஹாம் கேக்கலாம். புத்தர் பதினொண்ணு வச்சிருந்தாலும் அவருக்குத் தெரியாது. நீ சீனன். உனக்கும் அதே நாள்தான். நீ எப்படிடா போன்னு சொல்ற?”

டீ இல்லை. டா. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

அதே நாள், சாயங்காலம்

எனக்குத் தெரியாதா பத்தொன்பது? மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் அம்மாவுக்குச் சிவப்பு வாழ்த்து அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். மேசை மேல்தான் இருக்கு. தெரிஞ்சும் வாயில வந்தது “போடீ” தான் — ஒரு தங்கச்சிக்கு நல்ல வெள்ளைக்காரன் கிடைச்சா வாழ்த்தி அனுப்பணும், அந்தப் பழக்கம்.

சரி, எழுதிவிடுகிறேன். எனக்கு லுவான் வேண்டும். கிரஹாமோடு அவன் போனால் என்னால் தாங்க முடியாது.

இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம். எந்த பாரிலும் நம் முகம் ஒன்று தெரிந்தால் உடனே கண்ணை எடுத்துவிடுவேன். ஒன்று போட்டிக்காரி, இல்லாவிட்டால் தங்கச்சி. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை. நம்ம மூஞ்சி அழகில்லைன்னு எனக்கு யார் சொன்னது? யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. நானே கற்றுக்கொண்டேன், அதுவும் வகுப்பில் முதல் மார்க்கோடு. இதில் நான் ஊருக்கெல்லாம் கண் பரிசோதனை செய்கிறவன். வெட்கக்கேடு.

10 பிப்ரவரி, சனி

காலை ஏழு மணிக்கு மீன் சந்தை. லுவான் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக் கிரேக்கக் கிழவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“போகாத,” என்றேன்.

“ஏன்? புது வருஷமா?”

“அதுவும்தான். எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு. தங்கச்சியா இல்ல.”

கத்தியைக் கீழே வைத்தான்.

“ஏழு தடவ. முழங்கால்ல வச்சு நானே வளைச்சேன், ஏழு தடவ! எந்தக் கண்ணாடிக் கடைக்காரனாவது சந்தேகப்படுவான்னு பாத்தா...”

“கிரஹாம்?”

“வரலன்னு நேத்தே சொல்லிட்டேன். நீ ஒண்ணும் என்னக் காப்பாத்த வரல.”

ஈரக் கையோடு என் கன்னத்தைத் தொட்டான். கிரேக்கக் கிழவர் கைதட்டினார். லுவான் கொடுத்த ஒரு முழு மீனோடு என் கடைக்குப் போய், அதை லென்ஸ் அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து வேலை பார்த்தேன். இரண்டு பேர் கண் பரிசோதனையைப் பாதியில் விட்டுப் போனார்கள். போகட்டும்.

11 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டோம். ரெமி அலறிய அலறலில் கொழுக்கட்டை வண்டி தள்ளிவந்த அம்மா பயந்துபோனாள்.

“கூடப்பொறந்தவளயேவாடீ! என் வரிசையெல்லாம் நாசமாப் போச்சு! ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்தா அந்தப் பக்கம் யார உக்கார வைப்பேன்?”

கிரஹாம்தான் சிரிக்கவில்லை. “நம்பர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, கியட்,” என்றார். எனக்கே அப்போது தெரியாது என்றேன். அவர் அதை நம்பியது இன்னும் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். டிக்கெட்டை வீணாக்காமல் தனியாகவே போகிறாராம்.

20 பிப்ரவரி

கார்லோடு நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். லுவானோடு நடந்தால் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை, அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்று அவன் கையைப் பிடித்தேன். அப்போது பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன்.

3 மார்ச், ஞாயிறு

கிரஹாம் பாலியிலிருந்து ஜோடியோடு வந்திருக்கிறார். ஜோடி ஹாலந்துக்காரர்! வெள்ளையோடு வெள்ளை சேர்ந்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டாம், உருளைக்கிழங்கு மசியல். ரெமி உட்காரும் வரிசையையே கைவிட்டான். “எங்கயாவது உக்காந்து தொலைங்கடீ!”

12 மே, ஞாயிறு

கப்ரமட்டாவில், லுவான் வீட்டில், அவன் அப்பாவுக்கு நினைவுநாள். சொந்தக்காரர்கள் இருபது பேர். லுவான் முன்பு ஒருமுறை வெள்ளைக்காரன் ஒருவனை வீட்டுக்கு அழைத்துப் போனபோது, லுவானின் அம்மா வாசலிலேயே புரிந்துகொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். என்னைப் பார்த்தால் மட்டும் “வா, சாப்பிடு, இளைச்சிட்டியே.” சைகோனின் சீனர் பேட்டையான சோலோனில் வளர்ந்தவர், என்னோடு கான்டனீஸ்தான் பேசுவார். மூன்று மாதமாக நான் மகனின் நண்பன். உண்மை தெரிந்தால் அந்த “சாப்பிடு” நின்றுபோகும் என்று எனக்குப் பயம். லுவானுக்கு என்னைவிடப் பயம்.

சாப்பிடும்போது மெல்போர்னிலிருந்து வந்த சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணாடிக் கடைத் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலியா? எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கா. நர்ஸு.”

லுவான் சோற்றுக் குச்சியைக் கீழே வைத்தான்.

லுவானின் அம்மா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மீன் கன்னத்துச் சதையைப் பிய்த்து என் கிண்ணத்தில் வைத்தார்.

“அவனுக்கு ஆயிடுச்சு,” என்றார்.