முற்றுகையில் எழுதிய கிரயம்

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். ஜெபம் பாதியில் நின்றது. ஊர்த்தெரு ஆட்கள், இருபது பேர் இருக்கும். எங்கள் ஜெபக் கொட்டகைத் தகரத்தைப் பிரித்துப் போட்டார்கள். வேதாகமங்களை வாய்க்காலில் எறிந்தார்கள். அவர்களில் ஒருவன் பத்தாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எறிவதை நிறுத்தவில்லை.

நவ. 10
என் வேதாகமம் கிடைத்தது. பக்கம் பக்கமாக இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். வீடு முழுக்கச் சேற்று நாற்றம்.

நவ. 11
தஞ்சாவூரிலிருந்து பிரசங்கியார். சுருட்டி வைத்த துணிப்படம், உலக முடிவில் வரும் ஏழு தலை மிருகம். சோப்பு உறையில் இருக்கும் பார்கோடு கோடுகள்கூட அதன் முத்திரையாம். "எல்லாம் எழுதினபடியே நடக்குது. சந்தோஷப்படுங்க சிஸ்டர்." எங்கள் கொட்டகை அவர் படத்தில் ஒரு புள்ளி. ஆறு இட்லி சாப்பிட்டார். சட்னியில் காரம் போதவில்லையாம்.

நவ. 12, புதன்
தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். அப்பா போய் வந்தார், முகத்தில் சிரிப்பு. தாசில்தார் நாற்காலி போடச் சொன்னாராம். டீ வந்ததாம். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார், படிக்காமலே. நகலை வாங்கிப் படித்தேன். புறம்போக்கில் இருக்கும் கொட்டகையில் இனி கூட மாட்டோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். தகரத்தைப் பிரித்தது யார் என்று ஒரு வரி இல்லை.
"எத்தன வருஷம் அந்த வாசல்ல நின்னிருக்கேன். உக்காருங்கன்னாரும்மா. ஒக்கார வச்சவர் எதுர்ல எப்படிப் படிச்சிக்கிட்டு இருக்கிறது?"
அப்பா மேல் அருவருப்பு. அப்படித் தோன்றியதற்காக என்மேல் இன்னும் அதிகம்.

நவ. 14
மழை. காய்ந்த பக்கங்களில் எரேமியா. எதிரிப் படை நகரத்தை வளைத்திருக்கிறது, தீர்க்கதரிசி காவலில். அந்த நேரத்தில் ஒரு வயல் வாங்குகிறார். சாட்சி, முத்திரை, பத்திரம். கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இதே மண்ணில் ஜனங்கள் மறுபடி நிலம் வாங்குவார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். மிருகம் இல்லை, கொம்பு இல்லை. இதை நம்பலாம் போலிருந்தது.
சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். கை காயும்வரை கேட்டார். "பட்டா நெலமா?" என்றார்.

நவ. 21, வெள்ளி
குடவாசல் மளிகைக்கடை பாய், எங்கள் தெருவை ஒட்டிக் கிடந்த மூன்று சென்ட் மனையை அப்பாவுக்குக் கிரயம் செய்து கொடுத்தார். மகன் துபாயில், இந்தப் பக்கம் வரப்போவதில்லை. விற்கக் கூடாதென்று ஊரார் கடைக்கே வந்தார்களாம். "என் மனைய நான் யாருக்கு எழுதணும்னு இவங்களக் கேக்கணுமாங்க?"
வருகிறேன் என்ற சாட்சிகள் இருவரும் வரவில்லை. பாய் கடை ஆளும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். பத்திரம் முழுவதையும் அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். எழுத்தர் பல்லைக் கடித்தார். பட்டா மனையில் ஜெபம் நடத்தக் கூடாதென்று எந்தத் தாளிலும் இல்லை.

நவ. 23, ஞாயிறு
வெயில். விடிந்து போய்ப் பார்த்தால் மனை நடுவில் மலம். வாளியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். வாந்தி எடுத்தேன். அள்ளியவன், சுமந்தவன், சிரித்தவன், எல்லோரையும் மனத்துக்குள் சபித்தேன். மன்னிப்பு ஒரு துளிகூட வரவில்லை.
அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வந்தாள். "அப்புறம் திட்டிக்க. சாம்பல எடு."
ஜெபத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். உட்கார முடியாது, கழுவிவிட்ட சேறு. நின்றோம்.