அக்காவின் சரிவுக்கு ஒரு கார்புரேட்டர்

மார்ச் 3, செவ்வாய்

ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நின்று நின்று எனக்கு மனப்பாடமான கேள்வி ஒன்று உண்டு. "பழைய டிராக்டருக்கு வேற கம்பெனி கார்புரேட்டர் வாங்கலாமா, இல்ல பழசையே சரி பண்ணிக்கிறதா?" வருகிறவர்களெல்லாம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், ஏதோ திருட்டுச் சாமான் கேட்பதைப் போல. நானும் கிளிப்பிள்ளையாக ஒரே பதிலைச் சொல்வேன். டூப்ளிகேட் என்று சொல்லாதீர்கள், வேறு கம்பெனி செய்தது, அவ்வளவுதான், தாராளமாக வாங்கலாம்.

இன்றைக்கு அதே கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அக்காவின் டிராக்டரில் கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்த்து முடுக்குகிற காது உடைந்துவிட்டது. அந்த டிராக்டரை நாங்கள் 'பெரியவர்' என்போம். என் வயதைவிட அதற்கு வயது அதிகம், மரியாதை கொடுக்காமல் முடியாது. கடலிலிருந்து திரும்புகிற படகுகளைக் கான்கிரீட் சரிவில் இழுத்து மேலே மணலில் விடுவது அக்காவின் வேலை. வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். என் கடைச் சம்பளம் கைச்செலவுக்குத்தான் காணும். அடுப்பு எரிவது பெரியவரால்.

உடைந்த காதுக்குக் கம்பி கட்டிவிட்டு, "ஓடும்" என்கிறாள் அக்கா. ஓடும்தான். ஆனால் வருகிற 15ஆம் தேதி படகுக்காரர் சங்கம் கூடுகிறது. டிராக்டரை நிறுத்திவிட்டு மேட்டிலிருந்து கயிற்றைச் சுற்றி இழுக்கிற மின்சார வின்ச் போடலாமா என்று முடிவெடுக்கப்போகிறார்கள். போட்டுவிட்டால் அக்காவுக்கு வேலை இல்லை. இந்த நேரத்திலா கம்பி கட்டி ஓட்டுவது?

மார்ச் 4, புதன்

பேசிப் பேசி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். பழசை ஒட்டவைத்து, தேய்ந்து ஆடுகிற தண்டுக்குப் புது புஷ் வளையம் போட்டு வாங்குவதற்குள் சங்கக் கூட்டமே முடிந்துவிடும். புதுசு எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அந்தப் பழசு போதாக்குறைக்கு எப்போதும் பெட்ரோலை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும். பெரியவர் நின்ற இடத்தில் ஈரம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

"கடையில விக்காம கிடக்கிறதை என் தலையில கட்டப் பாக்கறே" என்று சிரித்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மூடியில் சீல் இருக்கிறது, அதைக் கிழிக்கக்கூடாது, கிழித்தால் கேரண்டி போய்விடும். பொருத்த வேண்டியது, ஓட்ட வேண்டியது, உள்ளே கையே வைக்கக்கூடாது. கவுண்டர்க்காரி புத்தி! அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

மார்ச் 7, சனி

இன்று பொருத்தினாள். நான் விளக்குப் பிடித்தேன். விளக்கு எதற்கு, பட்டப்பகல்தான். சும்மா நிற்கப் பிடிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, சாமான் அழகாகத்தான் இருக்கிறது. மரை ஒவ்வொன்றும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. தண்டில் துளி ஆட்டம் இல்லை. வீட்டு முன்னால் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டார் பெரியவர். இந்த வயதில் இப்படி ஒரு குரலா! அக்காவே புருவத்தைத் தூக்கினாள். அவள் புருவம் அவ்வளவு சுலபமாகத் தூக்கக்கூடிய பொருள் இல்லை.

மார்ச் 9, திங்கள்

ரெண்டு நாளாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடை முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

கரையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தேன். எழுதினால்தான் மனசு அடங்கும்.

மதியம் லீவு சொல்லிட்டுக் கரைக்குப் போனேன். நான் வித்த சாமான் எப்படி ஓடுதுன்னு நின்னு ரசிக்கத்தான் போனேன். நல்லா ரசிச்சேன்! இத்தனை நாள் சின்னப் படகுகள், சர்ருன்னு ஏத்திட்டா. இன்னிக்குச் சங்கத் தலைவரோட பெரிய படகு, நிறைய மீன். கடல் வேற ஏறிட்டிருந்தது. பாதிச் சரிவில் பெரியவர் ரெண்டு தடவை இருமினார், நின்னுட்டார்.

பிரேக்கில் டிராக்டர். அதன் பின்னால் தொங்கிக்கொண்டு படகு. படகின் வாலில் அலை அடிக்க அடிக்கச் சங்கிலி கிறீச்சிடுகிறது. ஸ்டார்ட் ஆகவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை கத்தினார்கள். தலைவர் மட்டும் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றார். வின்ச் வேண்டும் என்று முதலில் பேச்சை எடுத்தவரே அவர்தான். நான் ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை? கம்பியைக் கட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தவளை—

அக்கா பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். படகோடு சேர்ந்து அப்படியே பின்னால் இறங்கினாள், தண்ணீருக்குள்ளேயே. சரிவு முடிந்து தரை மட்டமாகிற இடத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்தது! திரும்ப ஏறினாள். அதே இடம், அதே இருமல். முழுசாக நிற்பதற்குள் மறுபடி இறங்கிவிட்டாள்.

இருக்கையிலிருந்து எழுந்து நின்று சரிவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முழங்கால் தண்ணீரில் குதித்து, படகை அவிழ்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "அண்ணே, மீனை இறக்குங்க. எடை குறையட்டும்" என்றாள் தலைவரிடம். டிராக்டரைத் திருப்பி, மூக்கு கடலைப் பார்க்க நிறுத்தி, படகை முன் கொக்கியில் மாட்டச் சொன்னாள். ரிவர்ஸ் போட்டாள்.

யாரோ சிரித்தார்கள். சரிவில் பாதி தாண்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கழுத்தைத் திருப்பி மேட்டைப் பார்த்தபடியே, இருமலே இல்லாமல், தலைவரின் படகை மணலில் கொண்டுவந்து போட்டாள். கைதட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு, கைதான் வரவில்லை. மற்ற படகுகள் எல்லாவற்றையும் சாயங்காலம் வரை அப்படியே பின்பக்கமாகவே இழுத்தாள்.

மார்ச் 12, வியாழன்

அக்கா கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளோ வேறு யோசனையில் இருந்தாள்.

"நேரா ஏறினா மூச்சுத் திணறுது. திரும்பி ஏறினா திணறல. பெட்ரோல் இருக்கு, வாய்க்கு வந்து சேரல" என்றாள். அப்புறம் எழுந்து போய்ப் பழைய கார்புரேட்டரை எடுத்து வந்து திறந்தாள்.

உள்ளே கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழும்பி வழியை அடைத்துவிடும். எந்த மட்டத்தில் அடைப்பது என்பது அதிலுள்ள ஒரு சின்னத் தகட்டு நாக்கைப் பொறுத்தது. அந்த நாக்கு பழசில் வளைந்திருந்தது. தேய்ந்து வளைந்ததில்லை, குறடு பிடித்த தடம் தெரிந்தது.

"இது நான் வளைச்சது" என்றாள், அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தவளாக. இந்தக் கரைக்கு வேலைக்கு வந்த புதிதில் பெரியவர் இதே இடத்தில் இருமியிருக்கிறார். மூக்கு மேலே தூக்கினால் கிண்ணத்துப் பெட்ரோல் பின்னால் சாய்ந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் உறிஞ்சுகிற ஜெட் துளைக்கு எட்டாமல் போகிறது. சின்னப் படகென்றால் கிடைத்ததை வைத்து ஏறிவிடுவார், பாரம் கூடினால் போதாது. அதனால் கிண்ணம் கூடுதலாக நிறையட்டும் என்று வளைத்துவிட்டிருக்கிறாள். சமதரையில் நிற்கும்போது அந்தக் கூடுதல்தான் வழிந்து சொட்டியது. நான் இத்தனை வருஷமாகப் பழுது என்று திட்டிய ஒழுகல்!

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "ஒழுகறதே பழகிப்போச்சு, எதுக்கு ஒழுகுதுங்கறது மறந்துபோச்சு. நீ வேற தொடாதேன்னு சொன்னே" என்கிறாள்.

புதுசின் சீலை நானே கிழித்தேன். "கேரண்டி?" என்றாள். கிடக்கட்டும் என்றேன். ரெண்டு மிதவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழசைப் பார்த்துப் பார்த்துப் புதுசின் நாக்கை வளைத்தாள். தைல வாசனையும் பெட்ரோல் வாசனையுமாகத் தலை சுற்றியது, ஆனால் எழுந்து போக மனசில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அந்தக் கம்பெனியைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்தேன். அக்கா விடவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கான். குறை சொல்லாதே. நம்ம சரிவு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அதுதான் சரி. வாங்கலாமா என்றால், வாங்கலாம், சந்தேகமே இல்லை. உடம்பு, தண்டு, ஊசி எல்லாம் பழசைவிட மேல். ஆனால் அது சமமான வயலை நினைத்துச் செய்தது. இங்கே இத்தனை வருஷம் ஓடிய பழசு கம்பெனி கொடுத்தபடியா இருந்தது? இனிமேல் கவுண்டரில் என் பாட்டை மாற்ற வேண்டும். பழசைத் தூக்கிப் போடாதீர்கள், கொண்டுவாருங்கள், ரெண்டையும் திறந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்று. முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

மார்ச் 13, வெள்ளி

பெரியவர் நேராக ஏறினார், பெரிய படகோடு. சமதரையில் சொட்டுகிறார். அடியில் தகர டப்பா வைத்தாயிற்று.

மார்ச் 14, சனி

நாளைக்குக் கூட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வழக்கம் போலச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, என் சமையலில் உப்பு தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இவளைச் செய்தவன் பயம் என்கிற பாகத்தைப் பொருத்தவே மறந்துவிட்டான் போல. எனக்கு அதில் பொறாமைதான், ஒளிப்பானேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் வலைக் கொட்டகையில் கூட்டம். வின்ச் படம் போட்ட தாள் கைக்குக் கை போனது. நல்ல மிஷின்தான், எனக்கே பிடித்தது. பாதிப் பேருக்கு ஆசை முகத்தில் தெரிந்தது. புதன்கிழமை நடந்ததை ஒருவர் எடுத்துச் சொல்லி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

தலைவர் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன்.

"வின்ச் மேட்டுலயே நிக்கும். அன்னிக்கு என் படகு தொங்கினப்ப இவ எங்கூட தண்ணிக்குள்ள இறங்கினா. மீனும் போகல, படகும் போகல" என்றார். "எனக்கு டிராக்டர் போதும்." உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். வின்ச்சுக்குத் தூக்கியவர்களும் இருந்தார்கள், குறைவு. அக்கா "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நான்தான் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன்.

வாசலில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். இன்னொரு காலின் பூட்ஸை நான் கழற்றினேன், அசையவில்லை. இந்த ரெண்டு வாரமாக நான் கண் விழிக்கும்போதெல்லாம் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சீக்கிரம் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். முட்டாள் நான். அவள் படுக்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

மதியம் படகுகள் திரும்பும் நேரம். தலைவர் தெருமுனையிலிருந்தே அதட்டிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். காத்திருக்கிற வழக்கமே இல்லாத மனுஷன். நான் எழுந்து வழியில் போய் நின்றுகொண்டு, "அக்கா தூங்குறா" என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

என் தோளுக்கு மேலாக எட்டி, சுவரில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தார். குரல் சட்டென்று இறங்கியது.

"தூங்கட்டும்" என்றார். "அவ எழுந்திரிக்கிற வரைக்கும் நாங்க இருக்கோம்."

செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார். மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தேன். படகுகள் எல்லாம் தண்ணீரிலேயே ஆடிக்கொண்டு நின்றன. யாரும் கூப்பிடவில்லை.