அன்றைக்கு நான் நடிக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் நலம். முக்கால் பங்கு நலம் என்று வைத்துக்கொள், மீதியும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகம்தானே?

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். வலது கைக்குப் பயிற்சியாகத் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் வியாதியைத் திட்டாதே. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் எழுத்து முன்பும் இப்படித்தான் இருந்தது.

லேசான மயக்கம் என்று உன் அண்ணி போனில் சொன்னது உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்பதற்காக. நடந்தது வேறு. போன மாதம் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று வலது கை மாவுக்குள்ளேயே கிடந்துவிட்டது, தூக்கினால் வரவில்லை. அடுப்புக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தால் வார்த்தை கொழகொழவென்று வருகிறது. மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். 'நம்ம முதலாளி தண்ணி போட்டுட்டுப் பேசுற மாதிரியே பேசிக் காட்டுறான், வந்து பாருங்கடா' என்று எல்லாரையும் கூட்டிவிட்டார். தினமும் யாரையாவது நடித்துக் காட்டுகிறவன் நான்தானே. 'வாயைக்கூடக் கோணிக்கிட்டான்யா' என்று கைதட்டல் வேறு. ஆயுசில் அவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை. உள்ளே எனக்கு உயிர் போகிறது.

பொட்டலம் கட்டும் மேசையிலிருந்து உன் அண்ணி மட்டும் எழுந்து வந்தாள். 'இவர் நடிச்சா யார் யார் சிரிக்கிறாங்கன்னு ஓரக்கண்ணால பார்ப்பார். இன்னிக்கு யாரையும் பாக்கல. வண்டியை எடுங்க' என்றாள். ரொட்டி வண்டியில், தட்டுகளுக்கு நடுவே, மாவு கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாம். சீக்கிரம் வந்ததால்தான் கரைக்கிற ஊசி போட முடிந்தது என்றார் டாக்டரம்மா. எல்லாம் ரத்தக் கொதிப்பு செய்த வேலை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, அது உள்ளே குடியிருந்ததே எனக்குத் தெரியாது.

இப்போது உன் அண்ணி ராஜ்யம். மாத்திரையை விழுங்கும்வரை முன்னால் நிற்கிறாள். உப்பு எங்கே என்றால் கடலில் என்கிறாள். சிகரெட்டுக்கு விடை கொடுத்தாயிற்று. சாயங்காலம் அவளோடு நடை. எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் 'புது மாப்பிள்ளை கெளம்பியாச்சா' என்று கேட்கிறார்.

இனி உன் விஷயம். உனக்கும் கொதிப்பு இருக்கிறது, தலை வலிக்கிற நாளில் மட்டும் மாத்திரை போடுகிறாய் என்று உன் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை' என்றாயாம். நானும் நல்லாத்தான் இருந்தேன், மாவில் கை வைக்கும்வரை. குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். அப்பாவைச் சொன்னேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று அடுத்த கேள்வி. அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நாளைக்கே போய் அளந்து பார். தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் மாத்திரையைப் போடு. அப்பா நாற்பத்தொன்பதோடு போய்விட்டார். அடுத்த மாதம் எனக்கு ஐம்பது. அதற்குமேல் வயது எப்படி இருக்கும் என்று நம் வீட்டு ஆண்கள் யாரும் பார்த்ததில்லை. நாம் இரண்டு பேரும் பார்த்துவிடலாம்டா. தனியாகப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

உன்னை விட்டால் வம்பிழுக்க வேறு ஆளில்லாத,
அண்ணன்