பித்தளைத் தகடும் பச்சை வயரும்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் கௌரவத்துக்கு மட்டும் லேசான காயம். அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அப்பா விடச் சொன்னதையும் விடாமல், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

நீ அனுப்பிய பூவேலைப் பித்தளை சாக்கெட்டுகளை அப்பா கூடத்துச் சுவரில் தானே மாட்டினார். "மேசை நாற்காலிக்கு பாலிஷ் போடறவனுக்கு நாலு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதா?" என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவே விடவில்லை. பார்க்க அரண்மனை மாதிரிதான் இருந்தது, ஆனால் நேற்று துடைக்கப் போன அம்மாவின் விரலில் சுரீர் என்றது. தவழ்கிற பேரன் அடுத்த மாதம் வந்ததும் முதலில் கை வைக்கப் போவது அந்தப் பளபளப்பில்தான், இது சரியாகிற வரை அவனைக் கூடத்தில் இறக்கவே மாட்டேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இன்று எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்து, சாக்கெட்டுகளின் பித்தளைத் தகடுகளைக் கழற்றினார். ஒன்றின் விளிம்பில் கரண்ட் வயர் நசுங்கிச் செம்பு தெரிந்தது, அதை மாற்றினார். "எர்த்து வேலை செஞ்சிருந்தா அன்னைக்கே ப்ரேக்கர் விழுந்து கரண்ட் நின்னிருக்கணுமேண்ணே" என்று, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் பச்சை எர்த் வயரைப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் இணைப்பு இருந்தால் கீச்சிடும் மீட்டரை வயரிலும் தகட்டிலும் வைத்தபோது அது வாயே திறக்கவில்லை. அப்பா திடீரென்று தலையில் கை வைத்தார். பித்தளை கறுக்காமல் இருக்க வார்னிஷ் அடித்தாராம். பலகைக்கு அடிக்கிற பழக்கத்தில் பின்பக்கமும், பச்சை வயர் உட்காரும் இடத்திலும். வார்னிஷைத் தாண்டிக் கரண்ட் போகாது, வயர் சும்மா ஒப்புக்கு நின்றிருக்கிறது. "கண்ணுக்குத் தெரியாத இடத்துலயும் நேர்த்தியா செய்யறதுதான் என் தொழில்" என்று முனகினார். "இன்னும் கொஞ்சம் நேர்த்தியா செஞ்சிருந்தா மாலை போட்ட அண்ணி படத்துக்கும் நீங்களே சட்டம் செஞ்சு பாலிஷ் போட்டிருக்கலாம்" என்றார் எலக்ட்ரீஷியன். முதலில் சிரித்தது அம்மாதான்.

அப்பா உப்புத்தாளால் அந்த இடங்களைச் சுரண்டினார். மூன்று தகடுகளில் மீட்டர் கீச்சென்றது. நடுவில் டீ குடிக்கிற நேரத்துக்கு ஃபேன் ஓடட்டும் என்று கரண்ட் போட்டார்கள். மிச்சம் தரையோரத் தகடு. குழந்தை கைக்கு எட்டுவது அதுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதற்கு, "என் பேரனோடதுய்யா அது, இன்னைக்கே" என்றுவிட்டார் அப்பா.

உன் வீட்டிலும் உலோகத் தகடு இருந்தால் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்கிறாள் அம்மா. ஈரக் கையோடு தொடாதே. டிக்கெட் எடுத்ததும் உடனே தெரிவி. மூவரும் நோய்நொடியின்றி நிறைவாக இருக்க அம்மா அப்பாவின் ஆசிகள்.

சொன்னது உன் அம்மா,
எழுதியது உன் தங்கை.

அப்பா மறுபடி மெயினை அணைத்துவிட்டார், ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கூடத்தில் கீச்! அம்மா கைதட்டுகிறாள், "இப்ப வரட்டும் என் ராஜா" என்கிறாள். விளக்குகள் அணைந்தே இருக்கின்றன. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.